ஒற்றை வரிக்குள் அடங்காத காரன்வாலிஸ்

எட்டாம் வகுப்பில் நிலவரி முறைகளை நடத்திக்கொண்டிருந்தேன். ‘நிலையான நிலவரித் திட்டம், காரன்வாலிஸ், 1793, வங்காளம்’ என்று கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி, “வங்காளத்து வரி நமக்கு எதுக்கு டீச்சர்?” என்று கேட்டாள். “தேர்வில் வரும்” என்று சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பதில் என்னையே உறுத்தியது. காரன்வாலிஸின் வாழ்க்கையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

1738இல் இலண்டனில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஏழாண்டுப் போரில் பங்கேற்றார். 1762இல் தந்தை இறந்ததும் பிரபுக்கள் அவையில் அமர்ந்தார். அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது பிரிட்டனுக்கு முழுச் சட்ட உரிமை உண்டு என்ற மசோதாவை 1766இல் எதிர்த்த மிகச் சிலருள் அவரும் ஒருவர். பின்னர் அதே அமெரிக்கர்களுக்கு எதிராகப் படை நடத்தி, 1781இல் யார்க்டவுனில் சரணடைந்தார். 1786இல் வங்காளத்தின் தலைமை ஆளுநராக இந்தியா வந்தார்.

நிலத்தின் மீது உறுதியான உரிமை இருந்தால் உடைமையாளர் அதை மேம்படுத்துவார் என்பது இங்கிலாந்து நிலக்கிழாரான அவரது நம்பிக்கை. எனவே, ஜமீன்தார்கள் அரசுக்குச் செலுத்தும் வரியை நிலையாக்கினார். உழவர் ஜமீன்தாருக்குக் கொடுக்க வேண்டியதற்கு அத்தகைய வரம்பு இல்லை. பாதிப்பு அங்கேதான் தொடங்கியது.

மாணவியின் கேள்விக்கு விடை 1792இல் இருந்தது. மூன்றாம் மைசூர்ப் போரில் திப்பு சுல்தானை வென்ற காரன்வாலிஸ், ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனிக்குப் பெற்றார். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகள் பாராமகாலில் அடங்கியவை. உள்ளூர் மொழி அறிந்த சிவில் அதிகாரிகள் இல்லாததால், அதன் நிர்வாகத்தைக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்ற படை அதிகாரியிடம் ஒப்படைத்தார். ரீடின் உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. ஊர் ஊராக நிலத்தை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி பெறும் இரயத்துவாரி முறை இங்குதான் உருப்பெற்றது. ரீடு சென்ற சில ஆண்டுகளில் வங்காளப் பாணியில் இதே நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டன.

நாம் தனித்தனிப் பெட்டிகளில் எழுதவைக்கும் இரண்டு வரிமுறைகளும் நம் மாவட்டத்தில் மோதியிருக்கின்றன. அடுத்த வகுப்பில் மாவட்ட வரைபடத்தை விரித்து, அந்த மாணவியிடம் என் பழைய பதில் போதாது என்று ஒப்புக்கொண்டு பாடத்தைத் தொடங்கினேன். ‘மிட்டா’ என்ற சொல்லைத் தாத்தா பாட்டியிடம் விசாரித்து வருவதே அன்றைய வீட்டுப்பாடம்.