சுவரும் சித்திரமும்

சுவரை வைத்தே சித்திரம் என்பது முதுமொழி. ஏரியும் காடும் இணைந்து பெயர்பெற்ற ஏற்காட்டில், சேர்வராயன் மலையழகைக் காண வருவோர் தங்கும் விடுதிகள் பல உள. அவற்றின் சுவர்களில் உள்ளூர் இளம் ஓவியர்க்கு இடமளித்தால், வரவேற்புக் கூடமே கலைக்கூடமாகும். ஆயினும், இடம் மட்டும் வயிற்றை நிறைக்காது. 1966இல் கே. சி. எஸ். பணிக்கர் தலைமையில் சோழமண்டலக் கலைஞர் கிராமம் உருவானபோது, ஓவியர்கள் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்றே தம் கலையைக் காத்தனர். எனவே, ஓவியத்தின் அருகே படைத்தவர் பெயரும் விலையும் இருத்தல் வேண்டும்; விடுதியின் பங்கும், சேதத்திற்கான பொறுப்பும் எழுத்தில் அமைதல் வேண்டும். ஓவியர் தாமாக வரைந்த ஓவியத்தை விற்றாலும், 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை, அதனை அச்சிடும் உரிமை அவருடையதே. இதனை அறிந்த இளங்கலைஞர் ஏமாறார். சித்திரத்தால் சுவரும் சிறப்புறும்.