கல்வெட்டுத் தரவுத்தளத்திற்கான ஓ.ஆர்.எம். நிரலகத் தேர்வு

தரவுத்தள அட்டவணைகளை நிரல்மொழியின் பொருள்களோடு இணைப்பது ஓ.ஆர்.எம். நிரலகத்தின் பணியாகும். காஞ்சிபுரம் வட்டாரக் கல்வெட்டுகளைத் தரவுத்தளமாக்குவதற்கு நெகிழ்வுடைய நிரலகமே ஏற்றது.

உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்தவை. கல்லில் உள்ளது ஆட்சியாண்டே, கி.பி. 919, 921 என்பன ஆய்வாளர் கணிப்பு. தொடக்கத்தில் ஒரே அட்டவணையில் பதியப்பெறும் ஆண்டினைப் பின்னர்க் கணித்தவர் பெயருடன் தனி அட்டவணைக்கு மாற்ற நேரலாம். திருப்புட்குழி, திருப்புக்குழி என இருவாறு வழங்கும் ஊர்ப்பெயர்களுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய மாற்றத்திலேயே நிரலகங்களின் வேறுபாடு புலப்படும். மார்ட்டின் ஃபவுலர் 2002இல் வெளியிட்ட நூலில் ‘ஆக்டிவ் ரெக்கார்டு’, ‘டேட்டா மேப்பர்’ என்னும் இரு வடிவங்களை விளக்கியுள்ளார். முன்னதைச் சார்ந்த ஜாங்கோவில் வகுப்பின் அமைப்பே அட்டவணையின் அமைப்பாகும். அட்டவணை மாறின் அதனைச் சார்ந்த நிரலும் மாறுதல் வேண்டும். பின்னதைச் சார்ந்த எஸ்.கியூ.எல்.ஆல்கெமியில் அட்டவணை, வகுப்பு, இவற்றை இணைக்கும் வரையறை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதலாம். பெரும்பாலும் வரையறையைத் திருத்தினால் போதும்.

இதற்குத் தொடக்க உழைப்பு மிகுதியாகும். முடிவுற்ற தரவினை இணையத்தில் காட்டுவது மட்டுமே நோக்கமாயின் ஜாங்கோ எளிது. புதிய வாசிப்புகளால் தரவின் அமைப்பே மாறக்கூடிய கல்வெட்டாய்வுக்கு எஸ்.கியூ.எல்.ஆல்கெமியே பொருத்தமானது.