நகமும் பனியும்: வேகமாக அடிக்கும் ஷேடோவை வளர்ப்பது எப்படி?

ஒரகடத்தில் ஷிப்டு முடித்து சிங்கப்பெருமாள் கோவில் அறைக்குத் திரும்பினால், தூங்கும்முன் கிடைப்பது ஒன்றோ இரண்டோ மணி நேரம். அந்த நேரத்தில் ஆட பாத் ஆஃப் எக்ஸைல் என்ற ஆட்டத்தை இறக்கி வைத்திருக்கிறீர்களா? கையில் நகம், நகத்தில் பனி, காலில் வேகம் என்று ஒரு பாத்திரம் வளர்க்க ஆசையா? எங்கே தொடங்குவது, எங்கே ஏமாறாமல் இருப்பது என்று பார்ப்போம்.

முதலில், இது என்ன ஆட்டம்? நியூசிலாந்தின் கிரைண்டிங் கியர் கேம்ஸ் 2013 அக்டோபரில் வெளியிட்ட ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை ஏற்று, நாமே அடித்து ஆடி, அதை லெவல் லெவலாக வளர்க்கும் ஆட்டம்). ஆடக் காசு இல்லை. அலங்காரத்துக்கும் பொருள் வைக்கும் பெட்டிகளுக்கும்தான் காசு. இதன் இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வந்தது. இங்கே சொல்வதெல்லாம் முதல் பாகத்துக்கு மட்டும்.

கைபேசியில் ஆடலாமா? முடியாது. கம்ப்யூட்டரோ, பிளேஸ்டேஷனோ, எக்ஸ்பாக்ஸோ வேண்டும். கம்ப்யூட்டரில் 40 ஜிபியாவது காலி இடம் வேண்டும். மொபைல் டேட்டாவில் இறக்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

எந்தப் பாத்திரத்தைத் தேர்வது? ஷேடோ. பில்ட் (எந்தத் திறனை நம்பி, எதை வாங்கி, எப்படி வளர்க்கப் போகிறோம் என்ற திட்டம்) என்று பார்த்தால் நகத்துக்குப் பொருத்தமான ஆள் இவன்தான். ஆட்டத்தின் திறன் மரத்தில் (லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளைப் போட்டுப் பாத்திரத்தை வளர்க்கும் வரைபடம்) வேகத்துக்குரிய ரேஞ்சருக்கும் மந்திரத்துக்குரிய விட்சுக்கும் நடுவில் நிற்பவன். நகம், குளிர், மந்திரக் கவசம் மூன்றும் அவன் தொடங்கும் இடத்துக்கு அருகிலேயே கிடைக்கும். நகத்தை நம்பி அடிப்பதா என்று சிங்கப்பெருமாள் கோவில்காரர் யாரும் கேட்க மாட்டார்கள். ஊருக்குப் பெயர் தந்த பாடலாத்ரி நரசிம்மரின் ஆயுதமே அதுதான்.

திறன் எது? ஃப்ராஸ்ட் பிளேட்ஸ். இது ஒரு ஜெம் (சட்டை, கையுறை, ஆயுதத்தில் உள்ள குழியில் பதிக்கும் ரத்தினம், பதித்தால் அந்தத் திறன் நமக்கு வரும்). முதல் லெவலிலிருந்தே பயன்படுத்தலாம். எதிரே நிற்பவனை நகத்தால் அடித்தவுடன், அவன் உடம்பிலிருந்து பனிக்கத்திகள் கிளம்பி அவனுக்குப் பின்னால் நிற்பவர்கள்மேல் பாயும். ஜெம் வளர வளரக் கத்திகள் கூடும். நீங்கள் அடிப்பது ஒருவனை, விழுவது ஒரு கூட்டம்.

இப்போது இந்த பில்டின் உயிர்நாடிக்கு வருகிறேன். இங்கே பலம் என்பது ஓர் அடி எவ்வளவு கனம் என்பதில் இல்லை, நொடிக்கு எத்தனை அடி விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. கன்வேயர் லைனில் சைக்கிள் டைம் இரண்டு நொடி குறைந்தால் ஷிப்டு முடிவில் எண்ணிக்கை எவ்வளவு ஏறும் என்று உங்களுக்கே தெரியும். அதே கணக்கு.

ஒரு மோதிரம் கிடைக்கிறது. ‘அடிக்கு 10 முதல் 18 வரை குளிர் டேமேஜ் கூடும்’ என்று போட்டிருக்கிறது. டேமேஜ் என்றால் ஓர் அடியில் எதிரி இழக்கும் உயிர். சராசரி 14. நொடிக்கு 2 முறை அடிப்பவனுக்கு அந்த மோதிரம் 28 தரும். 5 முறை அடிப்பவனுக்கு அதே மோதிரம் 70 தரும். கூடவே, பின்னால் பறக்கும் ஒவ்வொரு கத்தியிலும் அந்த 14 ஏறும். அதனால்தான் வேகமும் இப்படிக் கூட்டிக்கொடுக்கும் சின்ன எண்களும் சேர்ந்தால் இந்த பில்ட் பறக்கிறது. கையுறை, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எல்லாவற்றிலும் இந்த வரியைத் தேடுங்கள்.

நகமே ஏன்? கத்தியோ வாளோ கூடாதா? கூடும். ஆனால் நகத்துக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு: ஒவ்வோர் எதிரியை அடிக்கும்போதும் உங்களுக்குக் கொஞ்சம் உயிர் திரும்ப வரும். தொடக்கத்தில் கிடைக்கும் நெயில்டு ஃபிஸ்டில் அது வெறும் 3. லெவல் 68இல் வரும் இம்பீரியல் கிளாவில் 46. நொடிக்கு 5 அடி, ஒவ்வோர் அடியிலும் நகமும் கத்திகளும் சேர்ந்து 4 பேரைத் தொடுகின்றன என்று வையுங்கள். 46ஐ 20 முறை போடுங்கள்: நொடிக்கு 920 உயிர். கூட்டம் பெரிதாக இருந்தால் நீங்கள் இன்னும் பத்திரம். இதைப் புரிந்துகொண்டால், கூட்டத்தைக் கண்டு பின்வாங்கும் பழக்கம் தானாகப் போய்விடும்.

சரி, கடையில் இரண்டு நகம் இருக்கிறது, எதை எடுப்பது? பொருளின்மேல் அம்பைக் கொண்டுபோனால் விவரம் விரியும். முதல் நகம்: சாதாரண டேமேஜ் 60–120, வேகம் நொடிக்கு 1.5. இரண்டாவது: சாதாரண டேமேஜ் 20–60தான், ஆனால் கீழே நீல எழுத்தில் குளிர் டேமேஜ் 50–90, வேகம் 1.8. முதல் வரியைப் பார்த்தால் முதல் நகம்தான் பெரிது என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். முதலாவது: சராசரி 90, அதை 1.5ஆல் பெருக்கினால் 135. இரண்டாவது: 40உடன் 70 சேர்ந்து 110, அதை 1.8ஆல் பெருக்கினால் 198. இரண்டாவதை எடுங்கள். விவரத்தில் ‘அட்டாக்ஸ் பெர் செகண்ட்’ என்ற வரியைப் படிக்காமல் எந்த நகத்தையும் வாங்காதீர்கள்.

இரண்டு கையிலும் நகமா, ஒரு கையில் கேடயமா? இரண்டு ஆயுதம் பிடித்தால் வேகம் 10 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அடி ஒரு கை மாற்றி ஒரு கையாக விழும். ஒரு நகம் நல்லது, மற்றது குப்பை என்றால் பாதி அடி குப்பை. நல்ல ஜோடி அமையும்வரை கேடயத்தோடு ஆடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே புதியவர்கள் விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ராஸ்ட் பிளேட்ஸ் பார்க்க மந்திரம்போல இருக்கும், ஆனால் ஆட்டத்தின் கணக்கில் அது ‘அட்டாக்’ (ஆயுதத்தால் அடிக்கும் அடி), ‘ஸ்பெல்’ (மந்திரம்) அல்ல. ஆகவே ‘ஸ்பெல்களுக்குக் குளிர் டேமேஜ் கூடும்’ என்ற மோதிரத்தால் உங்களுக்கு ஒரு பைசா பயன் இல்லை. மந்திரம் ஓதும் வேகமும் அப்படியே. ‘அட்டாக்’ என்ற சொல் வரியில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இன்னொரு குழி ‘மெலீ டேமேஜ்’ (கைக்கெட்டும் தூரத்து அடிக்கான பலம்). நகத்தால் அடிக்கிறோம், இது உதவும் என்று தோன்றும். நகம் படும் முதல் அடிக்கு உதவும். பறக்கும் கத்திகளுக்கு உதவாது. கத்திகளுக்கான ‘ப்ரொஜக்டைல் டேமேஜ்’ முதல் அடிக்கு உதவாது. குளிர் டேமேஜ், எலிமென்டல் டேமேஜ் (தீ, குளிர், மின்னல் மூன்றுக்கும் பொதுப்பெயர்), அட்டாக் வேகம் ஆகியவை இரண்டுக்கும் உதவும். புள்ளியையும் பொருளையும் அங்கே போடுங்கள்.

எதிரி உறைவது எப்போது? குளிர் அடி ‘கிரிட்டிக்கல்’ (அதிர்ஷ்டத்தில் விழும் பலத்த அடி) ஆகும்போது. நகத்துக்கு அந்த வாய்ப்பு இயல்பாகவே அதிகம். உறைந்தவன் திருப்பி அடிக்க மாட்டான், இதைவிடப் பெரிய பாதுகாப்பு எது? உறைந்த நிலையிலேயே அவன் செத்தால் தூள் தூளாவான். ஹெரால்ட் ஆஃப் ஐஸ் என்ற திறனை எரியவிட்டிருந்தால் அந்தத் தூள் வெடித்துப் பக்கத்தில் இருப்பவர்களையும் தாக்கும். ஒருவன் வெடித்து அடுத்தவன், அவன் வெடித்து அடுத்தவன் என்று திரையே காலியாகும்.

ஆனால் அடி குறி தவறலாம் என்பதை மறக்காதீர்கள். மந்திரங்கள் தவறுவதில்லை, ஆயுத அடிகள் தவறும். ‘அக்யூரசி’ (குறி தப்பாமை) குறைவாக இருந்தால் வேகம் எல்லாம் காற்றில் போகும். பாத்திர விவரப் பக்கத்தில் அடி படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று இருக்கும். 90க்குக் கீழே இருந்தால், புது நகம் வாங்குவதற்கு முன்னால் அக்யூரசி உள்ள மோதிரமோ கையுறையோ வாங்குங்கள். ப்ரிசிஷன் என்ற ஜெம் குறியையும் கிரிட்டிக்கலையும் சேர்த்தே உயர்த்தும்.

ஜெம்களை எங்கே பதிப்பது? நகத்தில் அதிகபட்சம் 3 குழி. தலைக்கவசம், கையுறை, காலணியில் 4. மார்புச் சட்டையில் 6. குழிகளுக்கு இடையே இணைப்புக்கோடு இருந்தால்தான் துணை ஜெம் (இன்னொரு திறனுக்குப் பலம் சேர்க்கும் ஜெம்) முக்கியத் திறனுக்கு வேலை செய்யும். தொடக்கத்தில் 4 குழியும் இணைந்த கையுறை போதும். ஃப்ராஸ்ட் பிளேட்ஸோடு ஆடட் கோல்ட் டேமேஜ், ஃபாஸ்டர் அட்டாக்ஸ், எலிமென்டல் டேமேஜ் வித் அட்டாக்ஸ் ஆகிய மூன்று துணை ஜெம்களையும் வையுங்கள். ஓடுவதற்கு வர்லிங் பிளேட்ஸ் என்ற திறன் நல்லது. அடிக்கும் வேகம் கூடக்கூட அதன் ஓட்டமும் கூடும்.

மானா (திறனுக்குச் செலவாகும் எரிபொருள்) ஏன் அடிக்கடி தீர்கிறது? ஹேட்ரெட் என்ற திறன் குளிர் டேமேஜைக் கூட்டும், ஆனால் மானாவில் 50 சதவீதத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஹெரால்ட் இன்னொரு 25. மீதி கால் பங்கில் நொடிக்கு 5 முறை அடித்தால் தீராமல் என்ன செய்யும்? அடிக்கு மானா திரும்பத் தரும் பொருள் ஒன்று வேண்டும். ஜெமினி கிளா என்ற நகத்தில் அடிக்கு 38 உயிரோடு 14 மானாவும் வரும்.

சாகாமல் இருப்பது எப்படி? இதைத்தான் அதிகம் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் நீங்கள் அடிப்பது எதிரியின் மூச்சு படும் தூரத்தில் நின்று. தீ, குளிர், மின்னல் மூன்றையும் தாங்கும் சக்தியை 75 சதவீதம்வரை ஏற்றலாம், அதுதான் வழக்கமான உச்சவரம்பு. ஐந்தாம் அங்கம் (ஆட்டக் கதையின் ஒரு பகுதி) முடிந்ததும் ஆட்டம் அந்தச் சக்தியில் 30ஐப் பறிக்கும். பத்தாம் அங்கம் முடிந்ததும் இன்னொரு 30. அதாவது 75 வேண்டுமென்றால் பொருள்களிலிருந்து 135 சேர்க்க வேண்டும். டேமேஜ் குறைந்தால் எதிரி சாகக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். தாங்கும் சக்தி குறைந்தால் நீங்கள்தான் சாவீர்கள்.

மந்திரக் கவசம் (எனர்ஜி ஷீல்ட்: உயிருக்கு மேலே போர்த்தியிருக்கும் நீலப் பட்டை) எடுக்கலாமா? ஷேடோவுக்கு அது பொருந்தும். ஆனால் இரண்டு விஷயம். கேயாஸ் என்ற நச்சு டேமேஜ் கவசத்தைத் தாண்டி நேரே உயிரைத் தின்னும். நகம் திருப்பித் தருவது உயிரை மட்டுமே, கவசத்தை அல்ல. எனவே முதல் பாத்திரத்துக்கு உயிரை முதலாகவும் கவசத்தைத் துணையாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

திறன் மரத்தில் ஆயிரத்துக்கு மேல் முடிச்சுகள் இருக்கும், பயப்பட வேண்டாம். லெவல் 90இல் உங்கள் கையில் இருக்கப்போவது சுமார் 110 புள்ளிகள்தான். போட்ட புள்ளிகளில் கொஞ்சத்தைத்தான் சுலபமாகத் திரும்பப் பெறலாம். பாத் ஆஃப் பில்டிங் என்ற இலவச மென்பொருளில் முழு மரத்தையும் முன்கூட்டியே போட்டுப் பார்க்கலாம், அதற்கு நெட் கூடத் தேவையில்லை. கம்பெனி பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததை அறையில் வந்து அதில் போட்டுப் பாருங்கள்.

முதல் மூன்று அங்கங்களில் ஆறு சோதனைகளை முடித்தால் லேபிரிந்த் என்ற கோட்டை திறக்கும். அதை வென்றால் சிறப்புப் பிரிவு கிடைக்கும். கிரிட்டிக்கல் பிடித்தால் அசாசின், கவசமும் தப்பிக்கும் திறனும் பிடித்தால் டிரிக்ஸ்டர். மூன்றாவதான சபோட்டர் பொறி வைப்பவர்களுக்கானது, விட்டுவிடலாம்.

இந்த பில்டின் பலவீனம் என்ன? தனியாக நிற்கும் பாஸ் (அங்கத்தின் முடிவில் வரும் பெரிய எதிரி). கத்திகள் அவனுக்குப் பின்னால் பறக்கும், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். நகத்தின் நேரடி அடி மட்டுமே கணக்கு. பாஸ் எளிதில் உறையவும் மாட்டான். கூட்டத்தை நொடியில் முடித்தவருக்கு இந்தச் சண்டை இழுவையாகத் தெரியும். அதில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. அவன் ஓங்கும் பெரிய அடியைப் பார்த்ததும் விலகி, முடிந்ததும் திரும்ப நெருங்குங்கள்.

ஹார்ட்கோர் முறையில் ஆடலாமா? நம் ஊரில் வேண்டாம். ஒருமுறை செத்தால் அந்த முறையிலிருந்தே வெளியேற வேண்டியதுதான். சண்டை நடுவில் கரண்ட் போனால் யாரைக் கேட்பது? சாதாரண முறையில் முதல் ஐந்து அங்கங்களில் சாவுக்குத் தண்டனையே இல்லை. பிறகு அடுத்த லெவலுக்குத் தேவையான அனுபவப் புள்ளிகளில் 5 சதவீதமும், பத்து அங்கமும் முடிந்த பின்பு 10 சதவீதமும் போகும். ஏறிய லெவல் இறங்காது.

நெட் திணறினால்? நுழையும் பக்கத்தில் சர்வராகச் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுங்கள். அமைப்புகளில் ‘லாக்ஸ்டெப்’, ‘ப்ரெடிக்டிவ்’ என்று இரண்டு உண்டு. ஃபைபர் இணைப்பு உள்ளவர்கள் முதலாவதை வைக்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் ஆடுபவர்களுக்கு இரண்டாவதுதான் சரி, இல்லையென்றால் ஒவ்வோர் அடிக்கும் திரை நின்று நின்று வரும்.

காசு செலவழிக்க வேண்டுமா? பத்து அங்கங்களையும் ஒரு ரூபாய் போடாமல் முடிக்கலாம். அதற்குப் பிறகும் ஆட்டம் பிடித்திருந்தால், அலங்காரத்தை விட்டுவிட்டு, பொருள் வைக்கும் பெட்டிகளை மட்டும் தள்ளுபடி வரும்போது வாங்குங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய லீக் (எல்லோரும் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்கும் பருவம்) வரும். அப்போது திறன்களின் எண்களை மாற்றுவார்கள். வாங்கிய பெட்டி அந்த லீக்கிலும் உங்களுடையதுதான்.