மாத்திரை கொடுத்தாச்சு; யாருக்கு, எத்தனை, எத்தனை மணிக்கு?

ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தால் போதுமா?

ராயப்பேட்டைப் பள்ளிகளுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. 1911-இல் தொடங்கிய அரசு ராயப்பேட்டை மருத்துவமனை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் தூரமில்லை. பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஆட்டோவில் ஏற்றி ஐந்து, பத்து நிமிடத்தில் கொண்டு சேர்த்துவிடலாம். பிறகு மாணவர் சாப்பிடும் மருந்துக்கெல்லாம் பள்ளியில் எதற்கு நோட்டு என்ற அசட்டை இங்கே எளிதில் வந்துவிடும். ஆனால் அவசரப் பிரிவில் டாக்டர் முதலில் கேட்பது மூன்று கேள்விகள்: என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு? இதற்கான விடை மருத்துவமனையில் இல்லை, பள்ளியில்தான் இருக்க வேண்டும். எழுதி வைக்காத பள்ளியிலிருந்து வரும் பிள்ளையை எவ்வளவு வேகமாகக் கொண்டு வந்தாலும், விடை தெரியாமல்தான் சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஊட்டி காட்டியது

2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு நகராட்சிப் பள்ளியில், பிள்ளைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகளைச் சில மாணவர்கள் யார் அதிகம் சாப்பிடுவது என்று போட்டி போட்டு விழுங்கினார்கள். அவர்களில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஊட்டியிலும் கோவையிலும் சிகிச்சை பெற்று, மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குக் கொண்டு வரப்பட்ட வழியிலேயே இறந்துபோனாள். வெறும் சத்து மாத்திரைதானே என்று நாம் நினைக்கிற பொருள்தான் அது. இப்போதைய தேசிய அளவுப்படி 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கான நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வாரத்துக்கு ஒன்று என்றால் அது மருந்து. 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரே நேரத்தில் பத்து விழுங்கினால் கிலோவுக்கு 20 மில்லிகிராம். நச்சு அறிகுறிகள் தொடங்கக்கூடிய எல்லை அது. முப்பது விழுங்கினால் கிலோவுக்கு 60, உயிருக்கே ஆபத்து.

இரும்பு நஞ்சின் போக்கு ஏமாற்றக்கூடியது. முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு வரும். அதன் பிறகு பிள்ளை தேறிவிட்டதுபோல் தெரியும், விளையாடக்கூடச் செய்யும். வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும் நேரம் அதுதான். அடுத்த ஓரிரு நாளில் ரத்த அழுத்தம் சரிவதும் கல்லீரல் கெடுவதும் தொடங்கும். உடம்பிலிருந்து இரும்பை வெளியேற்றும் மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் அதைக் கொடுப்பதா, பிள்ளையை எவ்வளவு நேரம் கண்காணிப்பில் வைப்பது என்று டாக்டர் முடிவெடுக்க எத்தனை மாத்திரை, எப்போது என்ற தகவல் பெரிதும் உதவும். பயந்துபோன பிள்ளை இரண்டுதான் சாப்பிட்டேன் என்று சொல்லும். காலையில் இருப்பு எத்தனை, இப்போது எத்தனை என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தால்தான் உண்மை தெரியும்.

ஊட்டியில் தவறியது பூட்டுதானே, நோட்டு என்ன செய்திருக்கும் என்று கேட்கலாம். பூட்டு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனை அட்டை இருந்தது என்றே எழுதாத பீரோவில் இரண்டு அட்டை குறைந்தால் யாருக்குத் தெரியும்?

முட்டைக்குக் கணக்கு உண்டு

கணக்கு வைப்பது நம் பள்ளிகளுக்குப் புதிதல்ல. ராயப்பேட்டைக்கு அடுத்த ஆயிரம் விளக்கில்தான், பிட்டி தியாகராயர் காலத்தில், 1920-இல் சென்னை மாநகராட்சி பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போடத் தொடங்கியது. அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு அரிசி போட்டார்கள், முட்டை எத்தனை செலவு, எத்தனை மீதி என்று இன்றும் சத்துணவு அமைப்பாளர் தினமும் எழுதுகிறார். முட்டை இருப்பு பொருந்தவில்லை என்றால் கேள்வி வரும். அதே சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கிற மாத்திரைக்கும் பதிவேடு இருக்கிறது. வாராந்திர இரும்புச்சத்துத் திட்டத்தின் வழிகாட்டுதலில் வகுப்புப் பதிவேடும் மாணவருக்கான தனி அட்டையும் உண்டு. ஆசிரியர் கண்முன்னே விழுங்க வைக்க வேண்டும் என்பதும் உண்டு. ஆனால் மாதக் கடைசியில் மேலே போவது மொத்த எண்ணிக்கைதான். எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்பது அதிகாரிக்கான கணக்கு. யார் விழுங்கினார், யார் வாந்தி எடுத்தார், யார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார் என்பது பிள்ளைக்கான கணக்கு. முதலாவது ஒழுங்காக நடக்கிறது என்பதாலேயே இரண்டாவதும் நடக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

என்ன எழுதுவது?

பிள்ளையின் பெயர், வகுப்பு, எடை, ஒவ்வாமை. பிறகு ஒவ்வொரு முறையும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணி, கொடுத்தவர் கையெழுத்து, மீதி இருப்பு. எடையும் மணியும் ஏன் என்பதற்குக் காய்ச்சல் மாத்திரையே சாட்சி. பாரசிட்டமாலை ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது நான்கு மணி நேரம் வேண்டும். 25 கிலோ எடையுள்ள பையனுக்கு யாரோ ஒருவர் ஹேண்ட்பேக்கில் இருந்த டோலோ 650-ஐ முழுதாகக் கொடுத்தால் கிலோவுக்கு 26 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. காலையில் அம்மா சிரப் கொடுத்து அனுப்பியிருந்தால் அதற்கு மேல் இது. ஒரு வேளை கூடியதால் பெரிய கெடுதல் வராமல் போகலாம். மூன்று நாள் காய்ச்சலில் இதே தொடர்ந்தால் கல்லீரலைப் பாதிக்கும்.

பேட்ச் எண்ணையும் எழுதச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். 2025 அக்டோபரில் வெளிவந்த கோல்ட்ரிஃப் இருமல் சிரப் விவகாரத்தில் மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த மருந்தின் எஸ்.ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான் சோதித்துச் சொன்னது. அப்படி ஓர் எச்சரிக்கை வரும் நாளில், பெற்றோர் கொடுத்தனுப்பிய பாட்டில்களில் அந்த எண் இருக்கிறதா என்று நோட்டைப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பூச்சி மாத்திரை நாளிலும் இதே கதைதான். காய்ச்சலில் இருக்கிற, வேறு மருந்து சாப்பிடுகிற பிள்ளைகளுக்கு அன்று அல்பெண்டசோல் கொடுக்க வேண்டாம் என்பது விதி. யார் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எங்கும் எழுதியில்லாத பள்ளி அந்த விதியை எப்படிக் கடைப்பிடிக்கும்?

பூட்டி வைக்கக் கூடாதவை

எல்லா மருந்தையும் பீரோவில் போட்டுச் சாவியைத் தலைமை ஆசிரியர் எடுத்துக்கொண்டு மீட்டிங் போய்விட்டால் அதுவும் ஆபத்து. ஆஸ்துமா பிள்ளையின் இன்ஹேலர் அதன் பையில்தான் இருக்க வேண்டும். மூச்சு திணறும்போது சாவியைத் தேட முடியாது. டைப் 1 சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்குக் குளுக்கோஸ் கையிலேயே இருக்க வேண்டும். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல், இந்தப் பிள்ளைகள் வகுப்பிலேயே சர்க்கரை அளவு பார்க்கவும் இன்சுலின் போடவும் இடையில் ஏதாவது சாப்பிடவும் விட வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொன்னது. இவர்களுக்கும் நோட்டில் பக்கம் உண்டு. மருந்து மட்டும் பிள்ளையிடம் இருக்கும், போட்டுக்கொண்ட நேரம் நோட்டில் ஏறும்.

ஆசிரியர் நர்ஸா?

இல்லை. ஏற்கெனவே எமிஸ் பதிவு, சத்துணவு, தேர்தல் வேலை என்று தலைக்கு மேல் இருக்கிறவரிடம் இன்னொரு ரிஜிஸ்டரை நீட்டினால் எரிச்சல் வருவது நியாயம்தான். அதனால்தான் இதை இன்னொரு செயலியாக்கி மேலிடத்துக்குத் தினமும் அனுப்பச் சொல்லக் கூடாது. பள்ளிக்கு ஒரே நோட்டு, பொறுப்புக்கு ஒருவர், அவர் வராத நாளுக்கு இன்னொருவர். பெற்றோர் எழுதிக் கொடுத்த சம்மதமும் டாக்டர் சீட்டும் இல்லாத மருந்தை வாங்கவே கூடாது என்று வைத்துக்கொண்டால் பாதி வேலை குறையும். ஏதாவது ஆகிவிட்டால் என்மேல் பழி வருமே என்று பயப்படும் ஆசிரியருக்கும் கையெழுத்திட்ட அந்த வரியைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இதைவிட வலுவான ஆட்சேபணை வீட்டிலிருந்து வருவது. பெண்ணுக்கு வலிப்பு இருப்பது வெளியே தெரிந்தால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு எப்படி என்று மறைக்கிறார்கள். கேட்பதற்குக் கசப்பாக இருந்தாலும், பள்ளிகள் நடந்துகொள்கிற விதத்தில் அந்தப் பயத்துக்கு முகாந்திரம் இருக்கிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாப் பெற்றோரும் பார்க்க, உங்கள் மகள் இன்றைக்கு ஃபிட்ஸ் மாத்திரை கொண்டு வரவில்லை என்று போடுகிற பள்ளியை யார் நம்புவார்கள்? 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. காகித நோட்டுக்கும் அதே மரியாதை வேண்டும். வகுப்புவாரிப் பட்டியலாக இல்லாமல் பிள்ளைக்கு ஒரு தனித்தாள், அதுவும் மருந்து இருக்கும் பீரோவிலேயே. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியது வலிப்பு வந்தால் என்ன செய்வது என்பது மட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைப்பது, அந்தத் தாளையும் ஆம்புலன்ஸில் கொடுத்தனுப்புவது.