முள் இறங்கினால் நிம்மதியா?

காலை நிகழ்ச்சியில் சாலை நிலவரம் வாசிக்கும்போது சில வரிகள் எனக்கு மனப்பாடம். ஈப்போவிலிருந்து வடக்கே போகும் வாகனங்கள் ஜெலாப்பாங் தாண்டியதும் மெதுவாக நகர்கின்றன; மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் மேட்டில் லோரி ஒன்று பழுதாகி நிற்கிறது. வாசித்து முடித்துப் பாட்டைப் போட்டதும் புலனத்தில் குரல் பதிவுகள் வந்து விழும். “இந்தப் பழைய லோரிகளை எல்லாம் ஏன்தான் ரோட்டில் விடுகிறார்களோ!”

கோபம் நியாயமானதுதான். ஆனால் நான் லோரி வருமானத்தில் நடந்த வீட்டில் வளர்ந்தவள். அந்த மேட்டில் புகை கக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம். அது அங்கே நிற்பதற்குப் பல கிலோமீட்டர் முன்பே, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக ஒரு சின்ன முள் விஷயத்தைச் சொல்லியிருக்கும்.

எங்கள் பெரியப்பா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். காலையில் ஆட்களை ஏற்றிப்போவார், மதியம் பால் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போவார். தோட்டத்துக்குச் சொந்தப் பட்டறை, சொந்த போர்மன். பிறகு தோட்டம் கைமாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியானபோது கைக்கு வந்த பணத்தில் பெரியப்பா வாங்கியது ஒரு பழைய இசூசு டீசல் லோரி. பெரியம்மா ஒரு மாதம் பேசவில்லையாம். பின்னாளில் தாமானில் வீடு வாங்கிக் கொடுத்ததும் அந்த லோரிதான்.

அந்த வண்டியின் சூட்டு மீட்டர் கண்ணாடியில் பெரியம்மாவின் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இருக்கும். சமதளத்தில், பாதிச் சுமையில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு முள் எங்கே நிற்கிறதோ, அங்கே ஒரு கோடு. “சி, எச் எழுத்தெல்லாம் கம்பெனிக்காரன் போட்டதும்மா. இந்தக் கோடுதான் நம்ம வண்டிக்கு,” என்பார் பெரியப்பா.

இதில் அறிவியல் இருக்கிறது. பழைய லோரிகளில் மீட்டர் இரண்டு வகை. முதல் வகையில் எஞ்சினிலிருந்து மீட்டர்வரை மெல்லிய உலோகக் குழாய் வரும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் ஆவியாகி அழுத்தம் கொடுக்க, முள் நகரும். மின்சாரமே வேண்டாம். பழைய பிரிட்டிஷ் மீட்டர்கள் சிலவற்றில் ஃபாரன்ஹைட் எண்கள் இருக்கும். அதில் 180 என்றால் நம் கணக்கில் 82 டிகிரி, 212 என்றால் 100. இரண்டாவது வகை மின்சார மீட்டர். எஞ்சின் தண்ணீரில் நனைந்தபடி ஓர் உணரி இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், கூடுதல் மின்சாரம் பாயும், முள் ஏறும். கம்பி அறுந்தால் முள் அடியில் படுத்துவிடும். கம்பி எங்காவது பாடியில் உரசினால் உச்சிக்குப் போய்விடும். சூட்டு முள்ளும் எண்ணெய் முள்ளும் ஒன்றாக ஏறினால் எஞ்சினைத் திட்டாதீர்கள். மீட்டர்களுக்கான மின்சாரத்தில்தான் கோளாறு இருக்கும்.

இன்றைய கார்களில் இந்தப் பாடமே இல்லை. பல சிறிய கார்களில் முள் கிடையாது, குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு. முள் இருக்கும் கார்களிலும் பெரும்பாலும் 80 டிகிரிக்கும் 100 டிகிரிக்கும் அது நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். வாடிக்கையாளர் பயப்படக் கூடாதே! பழைய லோரியின் முள்ளுக்கு அந்த நாகரிகம் தெரியாது. மேடு வந்தால் ஏறும், இறக்கம் வந்தால் இறங்கும், மழை பெய்தால்கூடக் கொஞ்சம் அசையும்.

பல டீசல் எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும். சுமையோடு மேடு ஏறும்போது 95 டிகிரியைத் தொடுவது உடனே பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. ரேடியேட்டர் மூடிக்கு நன்றி சொல்ல வேண்டும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி சரியாக வேலை செய்தால், வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் தேய்ந்துபோனால் அந்தப் பாதுகாப்பு போச்சு. கேமரன் மலைக்குப் போகும் வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவில், அழுத்தம் இல்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஆகவே முள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைவிட, எந்த ரோட்டில் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதுதான் கேள்வி. மேட்டில் ஏறி, இறக்கத்தில் கோட்டுக்குத் திரும்பினால் நல்ல வண்டி. சமதளத்திலும் திரும்பவில்லை என்றால் எங்கோ அடைப்பு. நெரிசலில் மட்டும் ஏறினால் காற்றாடியையும் பெல்ட்டையும் பாருங்கள். வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டரைப் பாருங்கள். செம்பனைக் காட்டுச் செம்மண்ணும் நாரும் அதன் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏறிய முள் திடீரென்று விழுவது. லோரி இப்போது என் அண்ணன் கையில். சிம்பாங் பூலாய் வழியாக கம்போங் ராஜாவுக்கு உரம் ஏற்றிப்போய், காய்கறியோடு இறங்குவார். ஒருநாள் மேட்டில் முள் கோட்டைத் தாண்டி மடமடவென்று ஏறியது. ஓரங்கட்ட இடம் தேடுவதற்குள் சரசரவென்று கீழே இறங்கிவிட்டது. வண்டியை ஓரத்தில் நிறுத்தி அப்பாவுக்குப் போன் போட்டார்.

“அப்பா, சூடு தானா எறங்கிடுச்சு. ஏறிடலாமா?”

“டேய், எஞ்சின மொதல்ல அணைடா. எறங்குனது சூடு இல்ல, தண்ணி.”

அதுதான் நடந்திருந்தது. மேல் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் ரோட்டில். தண்ணீரில் நனைந்திருக்க வேண்டிய உணரி வெறும் காற்றில் நின்றது. அது பொய் சொல்லவில்லை, அதைத் தொடுவதற்குத்தான் தண்ணீர் இல்லை. இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஏறியிருந்தால் சிலிண்டர் ஹெட் வெடித்திருக்கலாம். பல ஆயிரம் வெள்ளிச் செலவு, வாரக்கணக்கில் ஓட்டம் இல்லை. அன்றைக்கு ஒரு குழாய், இரண்டு கிளிப், கொஞ்சம் தண்ணீரோடு போயிற்று.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. “இது சூடான நாடு, தெர்மோஸ்டாட் எதுக்கு?” என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முள் எப்போதும் தாழ்ந்தே கிடப்பதால் மனசுக்குக் குளிர்ச்சியாக இருக்கும், அவ்வளவுதான். டீசல் எஞ்சின் தேவையான சூட்டை எட்டாவிட்டால் எண்ணெய் முழுதாக எரியாது. புகை வரும், தேய்மானம் கூடும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியையும் மூடும். அதைக் கழற்றினால் பாதித் தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமலே சுற்றிவரும். மேட்டில் இன்னும் சூடாகும். புஸ்பாகோம் சோதனைக்குப் போகும் முன்பாவது மாட்டிவிடுங்கள்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். கிந்தா பள்ளத்தாக்கைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்பு மலைகள். அவற்றின் அடியிலிருந்து வரும் ஓடை நீரும் கிணற்று நீரும் சுண்ணாம்பு கரைந்தவை. கெட்டிலில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும், சூடு வெளியேறாது. அவசரத்துக்கு ஊற்றலாம், அப்புறம் வடித்துவிட்டு கூலண்ட் ஊற்றிவிட வேண்டும்.

மீட்டரையே நம்ப முடியவில்லை என்றால் அகச்சிவப்பு வெப்பமானி வாங்கித் தெர்மோஸ்டாட் கூட்டுக்கு நேராகக் காட்டிப் பாருங்கள். கொவிட் காலத்தில் நெற்றிக்கு நீட்டினார்களே, அது உதவாது. அது காய்ச்சலுக்கு மேல் எண்ணாது. பட்டறைக்கென்று விற்பதை வாங்குங்கள்.

முள் சிவப்பை நோக்கிப் போனால் ஏர்கோனை அணைத்து, கியரைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குங்கள். மூடியைத் தொடவே கூடாது. உள்ளே 110 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறி முகத்துக்கு வரும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருங்கள். மேல் குழாயைத் துணியால் பிடித்து அழுத்தினால் அது தளர்ந்திருக்க வேண்டும்; இன்னும் விறைப்பாக இருந்தால் இன்னொரு தேத்தண்ணி குடிக்க நேரம் இருக்கிறது என்று அர்த்தம். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் இரும்பு விரிசல் விடும்.

முள் சரியாக இருந்து, மேடு ஏறி முடித்து ஓய்வுக்கு நிறுத்தும்போதும் உடனே சாவியைத் திருப்பாதீர்கள். எஞ்சின் நின்றால் தண்ணீர் பம்ப்பும் நிற்கும், இரும்பில் தங்கிய சூடு நின்ற தண்ணீரில் ஏறி முள் மேலே போகும். பெரியப்பா மூன்று, நான்கு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அதற்குள் இறங்கி எட்டு கயிறுகளையும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுவார். அண்ணனும் அப்படித்தான் செய்கிறார்.