கோட்டையும் எழுத்தும்

ஊருக்குப் பெயர் சூட்டுவோர் தம் உள்ளத்தையே அதில் பொறித்து வைக்கின்றனர். பசிபிக் பெருங்கடற்கரையிலே 1860 இல் ரஷ்யர்கள் ஒரு துறைமுகம் கண்டனர். விளாடிவாஸ்டாக் என்று பெயரிட்டனர். கிழக்கை ஆள் என்பது அதன் பொருள். ஆள வந்தோர் இட்ட பெயர். அதிலே ஆணை ஒலிக்கிறது! நம் சோழநாட்டுக் கரையிலும், காரைக்காலுக்கு வடக்கே, பழந்துறை ஒன்று உண்டு. கல்வெட்டு அதனைச் சடங்கன்பாடி என்றது. மக்களின் நாவிலோ அது தரங்கம்பாடி ஆயிற்று. தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் என்று பொருள் சொல்லி மகிழ்கிறோம் நாம்!

அந்த ஊரைக் காணச் சென்றிருந்தோம். 1792 இல் எழுந்த நகரவாயிலுக்குள் நுழைந்தால், அரசர் வீதி நம்மை நேரே கடலுக்கே கொண்டு சேர்க்கிறது. கரையிலே நிற்கிறது டேன்ஸ்பர்க் கோட்டை. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்கின் கப்பற்படைத் தலைவன் ஓவே யெத்தேவுக்கும் 1620 இல் ஏற்பட்ட உடன்படிக்கையால் எழுந்த கோட்டை அது. டென்மார்க் மன்னனுக்கு நாயக்கர் அனுப்பிய பொன்னேட்டு மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்திலே இருக்கிறது. அது எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? தமிழில்!

எதற்காக வந்தனர் டேனியர்? மிளகுக்காக வந்தனர். துணிக்காக வந்தனர். பணம் குவியும் என்று வந்தனர். குவிந்ததா? தாய்நாட்டிலே போர், கருவூலத்திலே வறுமை. 1669 இல் ஒரு கப்பல் வந்து சேரும் வரையில், ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காலம், டென்மார்க்கிலிருந்து ஒரு கலமும் இந்தக் கரைக்கு வரவில்லை! கோட்டையைக் கட்டியவர்களே கோட்டையை மறந்தனர். பீரங்கி இருந்தது, அதன் பயன்தான் யாருக்கும் விளங்கவில்லை.

அந்தக் கரையிலேதான், 1706 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இருபத்து நான்கு வயது இளைஞன் ஒருவன் வந்திறங்கினான். ஜெர்மானியன், பெயர் சீகன்பால்கு. உடன் வந்தவர் புளூட்சோ. மதம் பரப்பவே வந்தனர். அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், வந்தவன் செய்த முதல் வேலை என்ன? திண்ணைப் பள்ளியின் பிள்ளைகளோடு பிள்ளையாக அமர்ந்து, மணலிலே விரல் வைத்து, அகரம் எழுதிப் பழகினான்! கடல் கடந்து கற்பிக்க வந்தவன், முதலில் கற்கக் குந்தினான்.

கற்றவன் சும்மா இருந்தானா? ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடித் திரட்டினான். 1708 இல் அவன் எழுதிய நூற்பட்டியலிலே 119 தமிழ் நூல்கள் இடம்பெற்றன. பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தான். கோட்டைத் தலைவனுக்கோ அவனைக் கண்டால் ஆகவில்லை. நான்கு திங்கள் அவனைக் கோட்டைக்குள்ளேயே சிறை வைத்தான். மிளகைக் காக்கக் கட்டிய கோட்டை, மொழி கற்றவனைப் பூட்டி வைக்கப் பயன்பட்டது!

பூட்டு நிலைக்கவில்லை. இலண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வார்த்து வந்தன. எழுத்தோ மிகப் பெரிது, காகிதமோ அரிது. சிறிய எழுத்தை இங்கேயே வார்த்தனர். காகிதத்துக்கு அருகிலுள்ள பொறையாற்றிலே பட்டறை கண்டனர். 1715 இல் தமிழில் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறி வெளிவந்தது. தமிழ் அச்சேறியது அதுவே முதன்முறையன்று. 1578 இல் கொல்லத்திலே போர்த்துகீசியர் தொடங்கி வைத்தனர். அது பின்னர் தேய்ந்து போயிற்று. தேய்ந்ததைத் தரங்கம்பாடி மீண்டும் தூக்கி நிறுத்தியது.

சீகன்பால்கு தமிழரின் தெய்வங்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதி, 1713 இல் ஹாலேவுக்கு அனுப்பினான். அங்கிருந்த பெரியவர்கள் என்ன செய்தனர்? அச்சிட மறுத்தனர்! அவனை அனுப்பியது அந்தச் சமயத்தை ஒழிக்க, அதைப் பற்றி எழுதிப் பரப்ப அல்ல என்றனர். 1867 இல்தான் அந்நூல் சென்னையிலே வெளிவந்தது. அவனோ 1719 இல், முப்பத்தாறாம் வயதிலேயே, கண்ணை மூடிவிட்டான். அவன் 1718 இல் எழுப்பிய ஆலயத்துக்குள்ளும் பிற்பாடு சாதிக்கு ஓர் இடம் என்று மக்கள் பிரிந்தே அமர்ந்தனர் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. எழுத்து வந்த வேகத்தில் சமத்துவம் வரவில்லை!

வணிகத்தின் முடிவையும் கேளுங்கள். 1845 இல் டேனியர், வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து, 12.5 இலட்சம் ரூபாய்க்கு இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். 1861 இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் இடையே இரயில் ஓடிற்று. டெல்டாவின் சரக்கு அந்தப் பக்கம் திரும்பிற்று. தரங்கம்பாடித் துறை அயர்ந்தது. விளாடிவாஸ்டாக்கிலோ 1891 இல் சைபீரிய இருப்புப் பாதைக்கு அடிக்கல் விழுந்தது, துறை வளர்ந்தது. துறைமுகத்தை வாழவைப்பது கோட்டைச் சுவரல்ல. உள்நாட்டோடு அதைக் கட்டும் பாதைதான். தரங்கம்பாடிக்குப் பின்னர் மயிலாடுதுறையிலிருந்து வந்த இரயிலும் 1986 இல் நிறுத்தப்பட்டது.

கடலும் தன் பங்குக்குக் கேட்டது. 1306 இல் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலை அரித்துத் தின்றது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்து மீனவர் குடும்பங்களைச் சூறையாடிற்று. அலை பாடும் ஊர் அன்று அழுதது. அழுத மக்கள் மறுபடியும் வலையோடு அதே கடலுக்குள் இறங்கினரே, அந்த நெஞ்சுரம் எந்தக் கோட்டைக்கு உண்டு?

தோழர்களே! கோட்டை இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். காணுங்கள்; படமும் எடுங்கள். ஆனால், அங்கேயே நின்று திரும்பிவிடாதீர்கள். சீகன்பால்கு வாழ்ந்த இல்லமும் காட்சியகமாக இருக்கிறது. உங்கள் பிள்ளைகளை அங்கே அழைத்துச் சென்று, பீரங்கியை விட்டுவிட்டு அச்சுப்பொறியைக் காட்டுங்கள். ஓலை சிலரிடமே இருந்தது. அச்சு வந்ததும் எழுத்து எவர் வீட்டுக்கும் போகலாம் என்ற நிலை பிறந்தது என்று சொல்லுங்கள். நாம் இன்று ஏடு நடத்துவதும், நீங்கள் அதைத் தெருமுனையில் பிரித்துப் படிப்பதும், அந்த மணலிலே எழுதிய விரலுக்கும் கடன்பட்டவையே!