ஈயத்தைப் பிடிக்கும் களிமண்

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும்! ஒரு லிட்டர் குடிநீரில் ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

அதைப் பிடிக்கிற பொருள் நம்ம காலடியிலேயே இருக்கு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்குமே, அந்தக் கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் உள்ளது. (இந்தப் பெயரை எழுத நான் பட்ட பாடு!) அது புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒரே ஒரு கிராமின் அடுக்குகளைப் பிரித்து விரித்தால் சுமார் 700 சதுர மீட்டர், அதாவது ஐந்து கபடி மைதானம் வரும்! அடுக்குகளில் எதிர் மின்சுமை, ஈய அயனியில் நேர் மின்சுமை. ரெண்டும் ஒட்டிக்கும். முன்பு அங்கே உட்கார்ந்திருந்த சோடியமும் கால்சியமும் இடம் விட்டுத் தண்ணீருக்குள் போய்விடும்.

ஆனால் எல்லாத்தையும் பிடிக்காது. ராணிப்பேட்டைப் பக்கம் நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமேட்டுக்கும் எதிர் மின்சுமைதான், அதனால் வெறும் களிமண்ணில் அவ்வளவாக ஒட்டாது. அமிலம் கலந்த நீரிலும் பிடி தளரும்.

இதைப் படிச்சிட்டு வீட்டுக் குடத்தில் மண்ணைக் கரைச்சிடாதீங்க! மண்ணிலேயே கிருமி இருக்கும். ஆய்வுக்கூடத்தில் சுத்தம் செய்த களிமண்ணைத்தான் பயன்படுத்துறாங்க. வேலை முடிந்த மண்ணையும் வயலில் கொட்டக் கூடாது, பிடிச்ச ஈயம் முழுக்க அதுக்குள்ளேதான் இருக்கு.